பெட்டி காலி

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவர்களுக்கு முதல் கவலை என்னவாக இருக்கும்? சுறாவா? மூச்சு முட்டிவிடுமோ என்பதா? அதெல்லாம் கரையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களின் கவலை. படகில் ஏறி உட்கார்ந்தவனுக்கு முதல் கவலை வண்டிச் சாவியை எங்கே வைப்பது என்பதுதான். இரண்டாவது கவலை போன். உயிருக்கு மூன்றாவது இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

இந்தக் கவலையைத் தீர்த்துவைப்பதுதான் பெட்டியக்காவின் பிழைப்பு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ தொலைந்துவிட்டது. படகில் அவள் இடம் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை. காலடியில் ஆரஞ்சு நிறத்தில் கனத்த பிளாஸ்டிக் பெட்டி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் இறுக்குகிற கொக்கி. தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் வரிசையாக வந்து சாவி, போன், கைக்கடிகாரம், மோதிரம் என்று கழற்றிக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு ஜிப் பை. பையிலிருக்கும் காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றி மூடி, பெட்டிக்குள் அடுக்குவாள். எவ்வளவு பெரிய மேனேஜராக இருந்தாலும் சரி, போனை அவள் கையில் கொடுக்கும்போது, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிற முகம்தான்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தாள். பாக்கெட்டின் ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் வேலை. அந்த விரல் இங்கேயும் சோறு போட்டது. கரையில் முதலாளியின் டைவிங் கடையின் முன்பக்கத்தில், நனைந்த ரப்பர் உடைகள் தொங்கும் கொடிக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரி ஒன்றும் அவள் பொறுப்பு. அதில் கழுத்தில் மாட்டும் பைகள், திருகி மூடும் குழாய்கள், கிரீஸ், உதிரி வளையங்கள் எல்லாம் இருக்கும். தெருவோரத்தில் வாங்கிய மெல்லிய பையில் போனைப் போட்டு மாட்டிக்கொண்டு யாராவது வந்து நின்றால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "இது மழைக்குத் தாங்கும் சார். கடல் என்ன மழையா? கீழ போகப் போக நாலாபக்கமும் அமுக்கும். உங்க போன் திரும்பி வரும், ஆனா பேசாது" என்பாள். வளையத்தில் ஒரு முடி கிடந்தால் போதும், ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் அந்த வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் மூடிக் கொடுத்த எதிலும் சொட்டுத் தண்ணீர் புகுந்ததாகப் பேச்சே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்று வேறு என்ன இருந்தது?

படகு ஓட்டுகிறவர் அவள் கணவர். ஊரே அவரை டிரைவர் என்று கூப்பிட, அவளும் வெளியாட்களிடம் டிரைவர் என்றே சொல்லப் பழகியிருந்தாள். கயிறு இழுக்கிற ஆளாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் கயிறு இழுத்து, பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார். அந்தப் பரீட்சைக்குப் படிக்க வைத்தது அவள்தான். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேள்வி கேட்பாள், அவர் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். தப்பாகச் சொன்னால், "போச்சு, படகு பாறையில ஏறிடுச்சு" என்பாள். பல தடவை படகு பாறையில் ஏறிய பிறகு ஒரு வழியாகப் பாஸ் செய்தார். அதன் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. மனிதனுக்குத் தோள் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்ததுபோல் நடந்தார்.

படகைத் திருப்புவதற்கு முன்னால் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். சட்டப்படி டிரைவர் தலையை எண்ண வேண்டும். ஆனால் மேலே ஏறி வந்தவர்களின் தலை ஓரிடத்தில் நின்றால்தானே? ஒருவர் முன்னால் போய் வாந்தி எடுப்பார், ஒருவர் கழிப்பறைக்குள் இருப்பார், ஒருவர் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் சுருண்டிருப்பார். எண்ணினால் ஒரு தடவை ஒன்று கூடும், ஒரு தடவை ஒன்று குறையும். ஆனால் கடலிலிருந்து ஏறி வருகிறவன் முதலில் கேட்பது தண்ணீரல்ல, போன். கை ஈரத்தைத் துடைக்காமல்கூட வந்து நீட்டுவான். எனவே பெட்டி காலியானால் ஆட்கள் வந்தாயிற்று என்று அர்த்தம். பைகளில் ஒன்று மிச்சமிருந்தால் கடலுக்குள் ஒருவர் மிச்சமிருக்கிறார். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. டிரைவர் இன்ஜினை உசுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே "பெட்டி?" என்பார். அவள் உள்ளே பார்த்துவிட்டு "காலி" என்பாள். படகு திரும்பும். தலை எண்ணுவதைவிட அது சுத்தமான கணக்கு என்று முதலாளியே மெச்சியிருக்கிறார்.

கொடுக்க எதுவுமில்லாதவர்களும் வருவார்கள். அவர்களிடம் அவள் தலை கிளிப்பையோ சட்டைப் பொத்தானையோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒற்றைச் செருப்பையோ வாங்கி உள்ளே போடுவாள். "ஏதாவது ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி உங்கள விட்டுட்டுப் போயிருவோம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம், பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு கேட்பவர். டைவிங் படித்து முடித்த பிறகு கடலுக்கு வருவது அதுதான் இரண்டாவது தடவை என்றார். படகு கிளம்பும் முன்பு, கடையிலேயே பெட்டியைத் தட்டிக் காட்டி அவள் கை நீட்டியபோது அவர் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இந்தச் சாவிக்கொத்து என்ன விட்டுப் போகக் கூடாது. இதுல ஒண்ணு ஆஸ்பத்திரி லிஃப்டத் தெறக்கிற சாவி. தொலைஞ்சா வேலையே போயிரும். கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன்."

"சும்மா சாவின்னா நனைஞ்சாப் பரவாயில்ல தம்பி. இடுப்புல கொக்கி போட்டு மாட்டிக்கிட்டுப் போங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல் நகத்தளவு இருந்த காது மெஷின். "இதுவும் இருக்கே. வண்டிச் சாவியிலயும் ரிமோட் இருக்கு. பெட்டியில எல்லாரும் ஈரக் கையோட அள்ளுவாங்க, இது எங்கயாவது விழுந்தா நான் வீட்டுக்குப் போயி என் பொண்டாட்டி திட்டறதக்கூடக் கேட்க முடியாது."

அவள் சிரித்துவிட்டாள். அலமாரியிலிருந்து திருகுக் குழாய் ஒன்றை எடுத்தாள். வளையத்தைக் கழற்றித் துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துத் தூசி பார்த்தாள், பட்டாணியளவு கிரீஸை விரலில் எடுத்து வளையம் பளபளக்கும்வரை தடவினாள். முதலில் குழாய்க்குள் டிஷ்யூ தாளை மட்டும் போட்டு மூடி, ரப்பர் உடைகளைக் கழுவும் தொட்டியில் அமுக்கிப் பிடித்து, திறந்து தாளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தாள் மொடமொடவென்று இருந்தது. பிறகு சாவிக்கொத்தை ஒரு டிஷ்யூவிலும் மெஷினை ஒரு டிஷ்யூவிலும் சுற்றி உள்ளே வைத்து, திருகி, அவருடைய காற்றடைக்கும் மேல் ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"மெஷின் இல்லாம பேச்சு எனக்குப் புரியாதுக்கா. மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, கையக் காட்டியே சொல்லச் சொல்லி" என்றார் அவர். பேச்சு அப்போதே கொஞ்சம் உரக்க வந்தது.

"கீழ போனா எல்லாருக்கும் கைப்பாஷைதான்" என்று கையாலேயே அவள் சொன்னாள். ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டரிடமும் சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார்.

அவள் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அவரிடமிருந்து பெட்டிக்கு எதையும் வாங்கவில்லை. மறதி என்று சொல்லிவிடலாம், ஆனால் வெறும் மறதி இல்லை. அவருடைய பொருட்களை அவள் கை வாங்கியிருந்தது, துடைத்திருந்தது, சுற்றியிருந்தது, மூடியிருந்தது. மற்ற எவருடையதற்கும் செய்யாத அளவுக்கு வேலை செய்திருந்தது. வாங்கி வைத்தாயிற்று என்று கை நம்பிவிட்டது. இப்படியொரு தப்பை அந்த வேலை தெரியாதவர் யாரும் செய்திருக்க முடியாது.

அன்றைக்குக் கடலும் சரியில்லை. கீழே நீரோட்டத்தின் இழுப்பு அதிகம். ஒரு பெண்ணுக்குப் பயம் பிடித்து முகமூடியைப் பிடுங்கப் பார்க்க, மாஸ்டர் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சிதறி ஏறினார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஜோடி கிடையாது. ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆளாகச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அவர் மாஸ்டரோடு போய்விட்டார் என்று அந்த ஜோடி நினைத்தது. ஜோடியோடு இருக்கிறார் என்று மாஸ்டர் நினைத்தார். படகில் அந்தப் பெண் விக்கி விக்கி அழுதாள், அவள் புருஷன் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினான், அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கைகள் நீண்டன. பைகள் போயின.

"பெட்டி?" என்றார் டிரைவர்.

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது.

"காலி" என்றாள்.

கரையில் எல்லாரும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் சிலிண்டர்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையை உதறிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். சுவரோரம் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. யாருடையது என்று யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் திருகுக் குழாய் நினைவுக்கு வந்தது. "என்னங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் கையிலிருந்த டீசல் கேனைக் கீழே போட்டுவிட்டார்.

திரும்பிப் போனார்கள். இருட்டும்வரை தேடினார்கள், இருட்டிய பிறகும் தேடினார்கள். அவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். யாரைக் கூப்பிட்டுக் கத்துகிறோம், அவருக்குப் பேச்சு கேட்காதே என்பது நடுவில்தான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகும் கத்தினாள். மறுநாள் மீன்பிடிப் படகொன்று அவரைக் கொண்டுவந்தது. ஜாக்கெட்டில் காற்றை நிரப்பிக்கொண்டு, முகம் வானத்தைப் பார்க்க மிதந்துகொண்டிருந்தாராம். ஆக, அவர் மேலே வந்திருக்கிறார். வந்து, காத்திருந்திருக்கிறார்.

துறைமுக அலுவலகத்தில் மேசைமேல் செய்தித்தாளை விரித்து அவருடைய பொருட்களை வைத்தார்கள். குழாய் அதிகாரிக்குத் திறக்க வரவில்லை. "நீதானேம்மா இதெல்லாம் விக்கிறவ, தொற" என்று அவளிடம் தள்ளினார். அவள் திருகினாள். டிஷ்யூ தாள் அவள் சுற்றிய மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. அதிகாரி காது மெஷினை எடுத்துக் கையை மூடியதும், அது உள்ளங்கைக்குள்ளிருந்து கீச்சென்று கத்தியது. அவர் பதறிப்போய் அதைக் கீழே போட்டார். குழாய்க்குள் வைத்த அன்றைக்கு அதை அணைக்க அவளுக்கோ மெக்கானிக்குக்கோ தோன்றவில்லை. கடலுக்கடியிலும், பிறகு விடிய விடிய அலையின் மேலும் அது உயிரோடுதான் இருந்திருக்கிறது. அவள் வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. அன்று சாயங்காலம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாஸ்டரையும் டிரைவரையும் அவளையும் உட்கார வைத்தார்.

"ஆளுக்குக் காது கேட்காது. அத நம்மகிட்ட மறைச்சிட்டாரு. மேல வரலன்னதும் நாம ஏணிய இரும்பால அடிச்சு அடிச்சுக் கூப்பிட்டோம். கேட்கல. இழுப்புல தூரமாப் போயிட்டாரு. அழுதுகிட்டிருந்த அந்தப் பொண்ணக் கரையில விட்டுட்டுத் தேட வரலாம்னு திரும்பினோம். இதான் நடந்தது. நான் சொல்றது யாருக்காவது புரியலையா?"

காலையில் இறங்கும் முன்பு, கூப்பிட்டால் இப்படித்தான் சத்தம் வரும் என்று மாஸ்டர் ஏணியை அடித்துக் காட்டுவது வழக்கம். வந்தவர்களைப் போனில் விசாரித்தால் இரும்புச் சத்தம் கேட்டது என்றுதான் சொல்வார்கள். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். டிரைவரும் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றுமில்லை.

"அவரு மறைக்கல. என்கிட்ட சொன்னாரு. குழாய மூடிக் குடுத்ததே நான்தான்" என்றாள் பெட்டியக்கா.

"அவரே போட்டு மூடிக்கிட்டாரு" என்றார் முதலாளி, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல். "நீ எதையும் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னா, அப்புறம் 'காலி'ன்னு சொன்னது யாருன்னு கேப்பாங்க. அதக் கேட்டுத் தலைய எண்ணாமப் படக எடுத்தது யாருன்னு கேப்பாங்க. புருஷன உள்ள அனுப்பிட்டு நீ இங்க பெட்டியக் கட்டிக்கிட்டு அழு."

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள், மற்றதில் அவர் படுத்திருந்தார். நடுவில் கதவு இல்லை, திரைதான். அவர் விசும்புவது திரையைத் தாண்டி வந்தது. அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெயிலுக்குப் போறதுக்கு நான் பயப்படல. திரும்பவும் கயிறு இழுக்கப் போகணும்னா என்னால முடியாது. செத்துருவேன்" என்றார் அவர்.

அவர் தலையில் கை வைத்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

விசாரணையன்று லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியும் வந்திருந்தாள். ஒடிசலான பெண், பக்கத்தில் அவளுடைய தம்பி. அதிகாரி கேட்டார், முதலாளி சொன்னார், மாஸ்டர் சொன்னார், டிரைவர் சொன்னார். பெட்டியக்காவின் முறை வந்தது.

"அவருக்குக் காது கேட்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோங்க. ஏணிய அடிச்சுக் கூப்பிட்டோம்." "ரொம்ப நேரம் கூப்பிட்டோம்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அவரு மறைக்கிற ஆளு இல்ல சார். புதுசா யாரப் பார்த்தாலும் மொதல்ல அதத்தான் சொல்லுவாரு" என்றாள். அதிகாரி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். இறந்தவர் தன் குறையை மறைத்ததும், அழைத்தும் வராததும்தான் காரணம் என்று முடிவாகப் போகிறது என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் முதலாளி எல்லாருக்கும் டீ சொன்னார். பெட்டியக்கா குடிக்கவில்லை. டிரைவர் குடித்தார். அவர் குடித்ததைப் பார்த்து அவளுக்கு வந்த வெறுப்பு, அவள் மேலேயே வந்த வெறுப்புதான்.

அதன் பிறகும் படகு போனது, ஆட்கள் வந்தார்கள், அவள் பைகளை வாங்கி அடுக்கினாள். டிரைவர் இப்போது ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி எண்ணினார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அதிகாரி முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு நாள் மெக்கானிக்கின் மனைவி மோட்டார் சைக்கிளை எடுத்துப்போகத் தம்பியோடு வந்தாள். வண்டியைக் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தம்பி அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் நேராகப் பெட்டியக்காவிடம் வந்தாள்.

"அக்கா, உங்களால ஒரு உதவி ஆகணும். அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டீங்கன்னு ஒரு தடவ காட்டுவீங்களா? படுத்தா அதே நினைப்பா இருக்கு. எந்த மாதிரிக் கூப்பிட்டிருப்பாங்கன்னு."

முடியாது என்று எப்படிச் சொல்வது? இருவரும் படகுக்குப் போனார்கள். டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே குனிந்துகொண்டார். பெட்டியக்கா இரும்புத் தடியை எடுத்தாள். பாதி தண்ணீருக்குள் இருந்த ஏணியின் மேல் ஓங்கி அடித்தாள். படகின் பலகையெல்லாம் அதிர்ந்தது.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ" என்றாள்.

இன்னும் ஓங்கி அடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது அந்த முகத்தில் அழுகை இல்லை, குழப்பம் இருந்தது. "இது அவருக்குக் கேக்குமேக்கா" என்றாள் மெதுவாக. "பேச்சுதான் அவருக்கு மெஷின் இல்லாமப் புரியாது. இரும்புச் சத்தம் நல்லாக் கேக்கும். குளிக்கும்போது மெஷின் இருக்காது. அப்பவும் வெளியில இரும்புக் கேட்ட யாராவது தட்டினா, 'யாரு பாரு'ன்னு உள்ளேருந்து அவருதான் மொதல்ல சத்தம் போடுவாரு." கொஞ்சம் யோசித்தாள். பிறகு தனக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தவள்போல் நிமிர்ந்தாள். "தண்ணிக்குள்ள சத்தம் போகாதோ? அதனாலதான் கேக்காமப் போச்சோ?"

போகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் நிம்மதி, இவளுக்கும் நிம்மதி, இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கும் நிம்மதி. ஸ்பானர் சத்தம் நின்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பெட்டியக்காவுக்கு முதுகிலேயே தெரிந்தது.

"தண்ணிக்குள்ள இன்னும் நல்லாக் கேக்கும்மா" என்றாள்.

"அப்ப ஏன் வரல?"

"நாங்க கூப்பிடல." தடியைக் கீழே வைக்கப் பார்த்தாள், விரல்கள் பிரியவில்லை. "அவரு ஏறலன்னே யாருக்கும் தெரியாதும்மா. எல்லாரும் வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன். காது விஷயத்த அவரு என்கிட்ட சொன்னாரு. மறைக்கல. அதையும் நான்தான் இல்லன்னு சொன்னேன்."

"ஏய்" என்றார் டிரைவர். அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே உடைந்துபோயிற்று.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கத்துவாள், அடிப்பாள், தடியைப் பிடுங்குவாள் என்று பெட்டியக்கா காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவளோ, சின்னக் கணக்கொன்றைச் சரி பார்க்கிறவள்போல் கேட்டாள்.

"அவரு மேல வந்து பார்த்தப்போ படகு அங்க இல்ல?"

"இல்லம்மா."

"கூப்பிட்டும் வரலன்னு எழுதப் போறாங்க. அவரு வந்தாரு. நீங்கதான் இல்ல."

"ஆமாம்மா. நாங்கதான் இல்ல."

"அத அந்த அதிகாரிகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "இப்பவே வாங்க."

பெட்டியக்கா தடியைப் போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினாள். டிரைவர் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும், அதனால் பார்க்கவில்லை.